தேயிலை மலையேறிய திரைகள்



கேமரன் மலைக்கும் தொலைக்காட்சி அலைக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த உச்சியிலேயே ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. ஆனாலும் சரிவுக்கு மறுபுறம், மலை மடிப்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் அலை அவ்வளவு எளிதில் இறங்காது. கூரைமேல் ஏறியவர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே இருப்பார். 'இப்போ வருது... போச்சு... கொஞ்சம் இந்தப் பக்கம்' என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் போய்க்கொண்டே இருக்கும். 1963 டிசம்பர் 28ஆம் நாள் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து மலைநாட்டு வீடுகள் பல ஆண்டுகள் நடத்திய சடங்கு இது.

1996இல் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ வந்தபோது கதை மாறியது. அதன் மீசாட் செயற்கைக்கோள் 91.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்பது. கேமரன் மலையிலிருந்து பார்த்தால் அது ஏறத்தாழ உச்சி வானம். பக்கத்து மலை எவ்வளவு உயர்ந்திருந்தாலும் தலைக்கு மேலே இருப்பதை மறைக்க முடியாது. ஒரு தட்டு, ஒரு பெட்டி, மாதச் சந்தா இருந்தால் போதும்; எந்தப் பள்ளத்தாக்கு லயத்திலும் தமிழ்ப் படம் ஓடும். ஒரே ஒரு எதிரி மழை. கேயு-பேண்ட் அலைவரிசையை மழைத்துளி விழுங்கிவிடும் என்பதால், மலையில் மழை வலுக்கும் நேரம் பார்த்து நாயகன் உறைந்து நிற்பான்.

பெரிய படநிறுவனங்களும் ஓடிடி தளங்களும் பார்வையாளரைப் பிடிக்க நடத்தும் போட்டியைப் பற்றியது இந்த அறக்கட்டளை உரை. அந்தப் போட்டியை ஹாலிவுட்டிலிருந்தும் பார்க்கலாம், மும்பையிலிருந்தும் பார்க்கலாம். இங்கே அது பகாங் மாநிலத்துத் தேயிலைச் சரிவிலிருந்து பார்க்கப்படுகிறது. சந்தையின் கடைக்கோடியில் நிற்பவரிடம் யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதில்தான் இந்தப் போட்டியின் உண்மையான முறைகள் துலங்குகின்றன. ஒரு நூற்றாண்டாக இந்த மலையில் நடந்தது, படத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலுள்ள பாதை யாருடையது என்ற போட்டி. பார்ப்பவருடைய கதையைச் சொல்லும் போட்டி இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

தோட்டங்களின் வரலாறும் திரையின் வரலாறும் இங்கே ஏறக்குறைய ஒரே வயதுடையவை. ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை 1929இல் தொடங்கினார். பாரத் தேயிலை 1933இல் வந்தது. காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கொழுந்து பறிக்கத் தமிழ்த் தொழிலாளர்கள் மலையேறினார்கள். அதே காலத்தில், ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரன்மே ஷாவும் அவர் தம்பி ரன் ரன் ஷாவும் மலாயா முழுக்கப் படம் காட்டிக்கொண்டிருந்தார்கள். திரையரங்கு இல்லாத ஊர்களுக்குக் கருவியையும் படச்சுருளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1939 வாக்கில் இந்த வட்டாரத்தில் அவர்களிடம் 139 திரையரங்குகள் இருந்ததாகக் கணக்கு. முதலில் பார்வையாளரிடம் போகும் வழியைப் பிடித்தார்கள்; அந்த வழியில் அனுப்பப் படம் வேண்டும் என்பதற்காகப் பிறகு படம் எடுத்தார்கள். நெட்ஃபிளிக்ஸும் இதே வரிசையில்தான் வளர்ந்தது. முதலில் அஞ்சலில் டிவிடி அனுப்பியது, பிறகு இணையத்தில் பிறர் படங்களைக் காட்டியது, அதன் பிறகே சொந்தமாகத் தயாரித்தது.

சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் கூடம் மலாய்ப் படங்களைத் தயாரித்தது. இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்: பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், ஃபணி மஜும்தார். மலாய் நடிகர் பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' படத்தை 1950இல் இயக்கியவர், சென்னை மாகாணத்தில் பிறந்த எல். கிருஷ்ணன். பாட்டும் கண்ணீரும் கலந்த இந்தியப் படங்களுக்கு மலாயாவில் கூட்டம் சேர்ந்ததை ஷா சகோதரர்கள் கவனித்திருந்தார்கள். அந்தப் பக்குவத்தைத் தெரிந்தவர்களை அழைத்து மலாய்ப் படம் எடுக்கச் சொன்னார்கள். இன்றைய தளங்கள் கணினியைக் கொண்டு செய்யும் ரசனைக் கணிப்பை அவர்கள் டிக்கெட் அடிக்கட்டைகளைக் கொண்டு செய்தார்கள்.

போட்டி வந்தது 1953இல். லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் சேர்ந்து கேத்தே-கெரிஸ் கூடத்தைத் தொடங்கினார்கள். 1957இல் அவர்கள் வெளியிட்ட 'பொந்தியானாக்' என்ற பேய்ப்படம், பி. என். ராவ் இயக்கத்தில், மாபெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் இரண்டாம் பாகம், அடுத்த ஆண்டில் மூன்றாம் பாகம். ஷா கூடம் சும்மா இருக்குமா? 1958இல் 'அனாக் பொந்தியானாக்' என்று தன் பங்குக்கு ஒரு பேயை இறக்கியது. ஒரு வெற்றியைப் பார்த்ததும் எதிராளி அதே வகைப் படத்தை அவசரமாக எடுப்பதும், வென்றவர் தொடர்பாகங்களாக நீட்டுவதும் இன்றைய மார்வெல் யுகத்தில் பிறந்த வழக்கம் அன்று. அதே 1957இல் ஜாலான் அம்பாஸில் கலைஞர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போட்டியின் செலவு யார் தலையில் விழுந்தது என்பது அதில் தெரிகிறது. தொலைக்காட்சியும், இந்தோனேசியாவோடு மூண்ட மோதலில் இழந்த சந்தையும் சேர்ந்து அழுத்த, 1967இல் அந்தக் கூடம் மூடப்பட்டது.

மலைத்தோட்டங்களுக்கு வந்த படங்களுக்கு வேறொரு முகவரும் இருந்தார்: அரசாங்கம். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நெருக்கடிநிலை. 1946இல் தொடங்கப்பட்ட மலாயாப் படப் பிரிவு எடுத்த செய்திப்படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் கொண்டுபோயின. பல மொழிகளில் விளக்கம், தமிழும் அவற்றில் ஒன்று. கட்டணம் கிடையாது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளிடமிருந்து தொழிலாளியின் மனத்தை வென்றெடுப்பதே நோக்கம். பார்வையாளரின் கவனத்துக்காக இந்த மண்ணில் நடந்த போட்டிகளில் மிகக் கடுமையானது அது என்று சொன்னால் மிகையாகாது.

இவற்றுக்கெல்லாம் நடுவே, தோட்டத்து மக்கள் காத்திருந்தது தமிழ்ப் படத்துக்குத்தான். மலேசியத் தோட்டங்களில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் திடல் படத்தைப் பற்றிச் சொல்வார்கள். கோயில் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பாய் போட்டு இடம் பிடிக்கும் பிள்ளைகள், துணிக்குப் பின்புறம் உட்கார்ந்து இடவலம் மாறிய படத்தைப் பார்ப்பவர்கள், சுருள் மாற்றும் இடைவெளியில் விற்கும் அவித்த கடலை. கிராணியும் கங்காணியும் முன்வரிசை நாற்காலியில், மற்றவர்கள் மண்ணில். படம் ஒன்றுதான், எல்லோருக்கும் அதே படம். எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் கட்சிகள் உருவானதற்கு அந்த ஒற்றைத் துணியும் ஒரு காரணம்.

ஆஸ்ட்ரோவுக்குத் திரும்புவோம். அதைத் தொடங்கிய ஆனந்த கிருஷ்ணன் 1938இல் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், யாழ்ப்பாண வழிவந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2024 நவம்பரில் காலமானார். டிஜிவி திரையரங்குகள், மீசாட் செயற்கைக்கோள், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, மேக்ஸிஸ் கைப்பேசி எல்லாம் அவர் குழுமத்தின் கைக்குள் இருந்தன. ஷா சகோதரர்கள் திரையரங்கையும் கூடத்தையும் இணைத்தார்கள் என்றால், இவர் திரையரங்கையும் வானத்தையும் தொலைபேசியையும் இணைத்தார். ஒரு படம் பார்வையாளரை அடைய எத்தனை வழிகள் உண்டோ அத்தனையிலும் ஒரு சுங்கச்சாவடி. பல ஆண்டுகளுக்கு வானில் அவருக்குப் போட்டியாளர் இல்லை.

அந்த ஏகபோகத்தைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரு நன்மையையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். வானவில் அலைவரிசை மலேசியத் தமிழருக்கென்று வந்தது. பிறகு விண்மீன் அலைவரிசை உள்ளூர் நாடகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் இடம் கொடுத்தது. சென்னைத் தமிழ் பேசாமல், ஈப்போவிலும் கிள்ளானிலும் பேசும் தமிழை அப்படியே பேசிய முகங்கள் திரைக்கு வந்தன. சந்தாதாரர் உள்ளூர்க்காரர் என்பதால் உள்ளூர்க் கதைக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கு ஓடிடி காலத்தில் என்ன ஆனது என்பதே முக்கியமான கேள்வி.

ஓடிடி அலை மலேசியாவில் உள்ளூரிலிருந்தே கிளம்பியது. 2014இல் நிறுவப்பட்ட ஐஃபிளிக்ஸ், 2015 மே மாதம் மலேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சேவையைத் தொடங்கியது. மாதச் சந்தா 10 ரிங்கிட் அளவில்தான். வேகமில்லாத இணையம், விலை குறைந்த கைப்பேசி, கடன் அட்டை இல்லாத வாடிக்கையாளர் எனத் தென்கிழக்காசியாவின் யதார்த்தத்தைக் கணக்கில் கொண்ட நிறுவனம் அது. சிங்டெல், சோனி, வார்னர் கூட்டில் ஹூக் வந்தது. 2016 ஜனவரி 6ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளில் கதவு திறந்தபோது மலேசியாவும் அவற்றில் ஒன்று. நான்கே ஆண்டுகள். 2020 ஏப்ரலில் ஹூக் மூடப்பட்டது. ஜூனில் ஐஃபிளிக்ஸைச் சீனாவின் டென்சென்ட் வாங்கியது. உள்ளூரை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாலும், ஆண்டுக்கணக்கில் நட்டத்தைத் தாங்கும் பணபலம் இல்லாமல் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பெரியவர்களும் சின்னவர்களிடம் பாடம் படித்தார்கள். 2019 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் மலேசியாவில் கைப்பேசிக்கு மட்டுமான திட்டத்தை 17 ரிங்கிட்டுக்கு இறக்கியது. அந்த ஆண்டு நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 ரிங்கிட். நாள் கூலியாகப் பார்த்தால் ஏறக்குறைய 42 ரிங்கிட். அரைநாள் கூலிக்கும் குறைவாக ஒரு மாதச் சினிமா. ஆஸ்ட்ரோ எதிர்த்து நிற்கவில்லை, கூட்டுச் சேர்ந்தது. 2021 ஜூன் 1ஆம் நாள் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் மலேசியாவுக்கு வந்தது ஆஸ்ட்ரோவின் கைப்பிடித்து. அதே ஆண்டு ஆஸ்ட்ரோ 'சூக்கா' என்ற சொந்த ஓடிடியையும் தொடங்கியது. கோட்டையைக் காக்க முடியாதபோது வாசலில் வரி வாங்கலாம் என்பது அந்த வியூகம்; தவறென்று சொல்ல முடியாது.

தமிழ்ப் படத்தைப் பொறுத்தவரை, சண்டையின் களம் சென்னை. 2013இல் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே டிடிஎச் வழியாக வீடுகளுக்குக் கொடுக்க முயன்றபோது திரையரங்க உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர் பின்வாங்க நேர்ந்தது. ஏழாண்டு கழித்து, பெருந்தொற்று திரையரங்குகளைப் பூட்டியிருந்த 2020 மே 29ஆம் நாள், சூர்யாவின் நிறுவனம் தயாரித்த 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. மறுபடியும் எதிர்ப்பு, மறுபடியும் மிரட்டல். இம்முறை படம் நிற்கவில்லை. அந்தப் படத்தின் களம் ஊட்டி என்பது இந்த உரைக்குப் பொருத்தமான தற்செயல்: நீலகிரித் தேயிலை மலையின் கதை, கேமரன் தேயிலை மலைக்கும் அதே நாளில் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு சண்டை நாள்கணக்கில் நடக்கிறது. 'மாஸ்டர்' 2021 ஜனவரி 13இல் திரையரங்குக்கு வந்து, பதினாறே நாளில் பிரைமுக்குப் போனது. 2023இல் 'லியோ' நான்கு வார இடைவெளிக்கு ஒப்பந்தம் செய்திருந்ததால், இந்திப் பதிப்புக்கு எட்டு வாரம் கேட்ட தேசிய மல்டிபிளெக்ஸ் குழுமங்கள் அதை ஏற்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் கொடுக்கும் தொகையை விடுவதா, வடநாட்டுத் திரைகளை விடுவதா என்ற கேள்வியில் தயாரிப்பாளர் திரைகளை விட்டார். 2025 ஆகஸ்ட் 14இல் வெளிவந்த 'கூலி' செப்டம்பர் 11இல் பிரைமில் இருந்தது. நாள் தவறாமல் நான்கு வாரம்.

இந்த நான்கு வாரத்துக்குக் கேமரன் மலையில் உள்ள பொருளைச் சென்னையில் இருப்பவர் எளிதில் உணர மாட்டார். தானா ராத்தாவிலிருந்து பெரிய திரையரங்குகள் உள்ள ஈப்போவுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் வளைந்து இறங்கும் மலைப்பாதை. நான்கு பேர் கொண்ட குடும்பம் படம் பார்த்துத் திரும்ப, டிக்கெட், எண்ணெய், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில நாள் கூலியும் போய்விடும். முதல் காட்சியின் கொண்டாட்டம் வேண்டுமென்பவர் போவார். தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சியில்லை என்றான பிறகு, கடிகாரத்தில் இரண்டரை மணி நேரம் முந்தி நிற்கும் மலேசிய ரசிகருக்குச் சென்னைக்கு முன்பே படம் பார்க்கும் பெருமையும் உண்டு. மற்றவர்கள் நான்கு வாரம் பொறுப்பார்கள். மலையில் பொறுப்பவர்களே அதிகம்.

பொறுக்க மாட்டாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று எப்போதும் இருந்தது. ஒளிநாடாவின் கள்ளப்பிரதி, பிறகு திருட்டு விசிடி, பிறகு ஆண்ட்ராய்டு பெட்டி. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் உலகத்து அலைவரிசைகள் எல்லாம் அதில். 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டத் திருத்தம், திருட்டு ஒளிபரப்புக் கருவியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. விற்பவரைப் பிடிக்கலாம், மாதச் சந்தாவையும் யோசித்துச் செலவிடும் வீட்டின் கணக்கைச் சட்டம் மாற்றாது.

லயத்துக்குள் நடந்த மாற்றம் இன்னும் பெரியது. இன்று கேமரன் மலையில் கொழுந்து வெட்டுபவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பாட்டி ஆஸ்ட்ரோவில் தொடர் பார்க்க, பேரன் காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கொரியத் தொடர் பார்ப்பான். அடுத்த அறையில் வங்கத் தொழிலாளி தன் ஊர் நாடகத்தைப் பார்ப்பார். 2017இல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் போட்டியாளர் தூக்கம்தான் என்றார். விடிவதற்குள் பெரட்டு எனும் ஆள்கணக்குக்கு நிற்க வேண்டியவரின் தூக்கமும் அந்தப் போட்டிக்குள் வந்துவிட்டது.

சரி, இவ்வளவு பாடுபட்டு வந்து சேரும் திரையில் இந்த மலைக்காரர் தம்மைப் பார்க்கிறாரா?

மலேசியாவில் இந்தியர் ஏறத்தாழ 20 லட்சம் பேர், அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர். தமிழ்ப் படத்துக்குப் பெரிய வெளிநாட்டுச் சந்தைகளுள் ஒன்று. ஆனால் ஓடிடியின் கணக்கேட்டில் அவர்கள் தனியாகத் தெரிவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் நாட்டுக்கொரு வாராந்தரப் பட்டியல் வெளியிடுகிறது. மொழிச் சமூகத்துக்கு வெளியிடுவதில்லை. மலேசியக் கணக்கில் அவர்கள் சிறுபான்மை. தமிழ்க் கணக்கில் தமிழ்நாட்டோடு கரைந்துபோகிறவர்கள். சென்னையில் எடுத்த படத்தைக் கொடுத்தாலே இவர்கள் சந்தா கட்டிவிடுவார்கள் என்னும்போது, இவர்களுக்கென்று தனியாகச் செலவழிக்க எந்த நிறுவனத்துக்கு அவசரம்?

தோட்டத் தமிழரின் வழித்தோன்றலை நாயகனாக்கிய மிகப் பெரிய படம் சென்னையிலிருந்தே வந்தது: 2016 ஜூலை 22இல் வெளியான 'கபாலி'. பா. இரஞ்சித் இயக்கம், கலைப்புலி தாணு தயாரிப்பு. மலேசியத் தமிழ்த் தொழிலாளரின் கூலி உரிமையிலிருந்து தொடங்கும் கதை அது. விமானத்தில் ரஜினியின் படம் வரைந்து பறக்கவிட்டார்கள். மலாய் மொழியில் குரல்மாற்றியும் வெளியிட்டார்கள். ஆனால் மலேசியத் திரைகளில் முடிவு வேறு. கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஒரு வாசகம் இறுதியில் சேர்க்கப்பட்டது. உலகத் தமிழர் எல்லாம் ஒரு முடிவைப் பார்க்க, எவருடைய கதையோ அவர்கள் மட்டும் இன்னொன்றைப் பார்த்தார்கள்.

உள்ளூரில் எடுத்தவை சிறியவை, உறுதியானவை. தீபக் குமரன் மேனன் 2005இல் எடுத்த 'செம்மண் சாலை' 1960களின் ரப்பர் தோட்டத்தில், படிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணின் கதை. சஞ்ஜெய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015 டிசம்பரில் வந்தது. 1990களில் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வறுமையில் வளரும் ஒரு சிறுவனைப் பற்றியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களைத் தனிப்பிரிவில் ஒதுக்கியதை எதிர்த்து, மலாய்க் கலைஞர்கள் சிலரும் சேர்ந்தே குரல் எழுப்பினார்கள். பிரிவுகள் திருத்தப்பட்டன. சிறந்த மலேசியத் திரைப்பட விருது 'ஜகாட்' படத்துக்குக் கிடைத்தது. பெருந்தளம் எதுவும் பின்னால் இல்லாமல், விளம்பரத்துக்குப் பணமில்லாமல் இது நடந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தேயிலையின் கதையைத் தமிழ்த்திரை தொடாமலும் இல்லை. வால்பாறைத் தோட்டக் கொடுமையைப் பேசிய 'எரியும் பனிக்காடு' நாவலை அடிப்படையாகக் கொண்டு பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார். மலையூர் ஒன்றைக் கற்பனையாகப் படைத்து, மயானக் கொள்ளைத் திருவிழாவை நடுவில் வைத்துப் புஷ்கர்-காயத்ரி எழுதிய 'சுழல்' தொடரை 2022இல் அமேசான் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உலகெங்கும் வெளியிட்டது. ஒரு சிறுநகரத்தின் திருவிழா உலகச் சரக்காக முடியும் என்று தளங்களுக்குத் தெரியும். போ தோட்டத்து லயத்துக்கும் பிரிஞ்சாங் பனிமூட்டத்துக்கும், நெருக்கடிக் காலத்தில் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தொழிலாளிக்கும் அந்தத் தகுதி இல்லையா?

உள்ளூர்ப் படத்தைக் குறைந்தது இரண்டு வாரம் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயத் திரையீட்டுத் திட்டத்தைத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் 2005இல் கொண்டுவந்தது. அது திரையரங்குகளுக்கான விதி. படம் திரையரங்கை விட்டுக் கைப்பேசிக்குப் போன பிறகு அந்த விதி பாதித் தூரத்திலேயே நின்றுவிட்டது. மலேசியத் தமிழரிடம் மாதந்தோறும் சந்தா வாங்கும் ஒவ்வொரு தளமும், அந்தச் சந்தாவில் ஒரு பங்கை இங்கே எடுக்கும் தமிழ்ப் படத்துக்கும் தொடருக்கும் ஒதுக்க வேண்டும் என்று விதி செய்யலாம். பிரான்ஸ் தன் நாட்டில் இயங்கும் தளங்களுக்கு 2021 முதல் இத்தகைய கடப்பாட்டை விதித்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் அங்கிருந்து ஓடிவிடவில்லை. ஃபினாஸுக்கும் தகவல்தொடர்பு அமைச்சுக்கும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டுபோக மலேசியத் தமிழ்ப் படைப்பாளர் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை 'செம்மண் சாலை'யும் 'ஜகாட்'டும் ஏற்கெனவே காட்டிவிட்டன.